நிறுவன இணைப்பும் தன்மைப் பன்மையும்: இயக்குநர் ஒருவரின் பத்திரிகைப் பேட்டிக்கான மொழி ஆயத்தம்

1. முன்னுரை

பெங்களூரில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மைண்ட்ட்ரீ என்னும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்குகளில் 20.32 விழுக்காட்டை வி.ஜி. சித்தார்த்தாவிடமிருந்தும் அவரைச் சார்ந்த நிறுவனங்களிடமிருந்தும் பங்கு ஒன்றுக்கு 980 ரூபாய் விலையில் வாங்குவதற்கு லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் 2019 மார்ச் 18 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டது. பிற பங்குதாரர்களிடமிருந்து மேலும் 31 விழுக்காட்டை வாங்குவதற்கான பொது அறிவிப்பும் அதனுடன் வந்தது. மைண்ட்ட்ரீயை நிறுவியவர்கள் இதனை வெளிப்படையாக எதிர்த்தனர். ஆயினும் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 60 விழுக்காட்டுப் பங்குகள் லார்சன் அண்ட் டூப்ரோவின் கைக்கு வந்தன. நிறுவனர்களுள் நிர்வாகப் பொறுப்பில் இருந்தோர் ஜூலையில் விலகினர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2022 மே 6 அன்று, மைண்ட்ட்ரீயும் எல். அண்ட் டி. இன்ஃபோடெக்கும் (இனி எல்.டி.ஐ.) ஒன்றாவது பற்றிய அறிவிப்பு வெளியாயிற்று. நவம்பர் 14 முதல் எல்.டி.ஐ. மைண்ட்ட்ரீ என்னும் ஒரே நிறுவனம் செயற்படலாயிற்று.

இத்தகைய நிகழ்வுகளில் இயக்குநர் குழு உறுப்பினர் ஒருவர் செய்தியாளர்முன் அமர்வதற்கு முன்னர் அவருக்கு வினா-விடைத் தொகுப்பு ஒன்று ஆயத்தம் செய்து தரப்படும். பெங்களூரில் அத்தொகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. அந்நகரத்தில் கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, உருது ஆகியனவும் வழங்குகின்றன. தமிழ் நாளிதழ்களுக்குப் பதிப்பும் உண்டு. ஆகவே ஆங்கிலத் தொகுப்பு, பேட்டிக்கு முதல்நாள் இரவில் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் ஆபத்தின்றி நின்ற ஒரு தொடர் தமிழில் வாக்குறுதியாகவோ மறுப்பாகவோ ஒப்புதலாகவோ மாறிவிடும் இடங்கள் எவை என்பதே இக்கட்டுரையின் பொருள். கீழே எண்ணிட்டுக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எவரும் கூறியவை அல்ல.

2. பேசுதற்குரிய எல்லை

இயக்குநருக்குப் பேச்சுரிமை முழுமையாக இல்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் உணர்தல் வேண்டும். செபியின் 2015ஆம் ஆண்டு உள்ளாள் வணிகத் தடை விதிகள், வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கவல்ல செய்திகளுள் இணைப்பையும் கையகப்படுத்தலையும் சேர்த்துள்ளன. அதே ஆண்டின் பட்டியலிடல் விதிகளின்படி, இணைப்புப் பற்றிய குழு முடிவு கூட்டம் முடிந்த 30 நிமிடங்களுக்குள் பங்குச் சந்தைகளுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். சந்தை நேரம் கடந்து முடியும் கூட்டங்களுக்கு, 2024 டிசம்பரில் வந்த திருத்தம் இதனை 3 மணி நேரமாக்கியுள்ளது. ஆகவே சந்தைக்குத் தெரிவித்த அறிக்கையே இயக்குநர் பேசத்தக்க எல்லை. அதன் சொற்களைத் தமிழில் சற்றே விரித்துரைப்பதும் புதுச் செய்தி தருவதாகிவிடலாம்.

இவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட வினாவுக்கு ஆங்கிலத் தொகுப்பு வழக்கமாகத் தரும் விடை, அதுபற்றிப் பேச இயலாது என்பது. தமிழில் இதனைக் 'கூற முடியாது' என்று பெயர்த்தல் தவறு. வேண்டுகோளுக்கு விடையாக வரும் 'முடியாது' ஆற்றலின்மையைக் குறிப்பதில்லை, மறுப்பைக் குறிக்கிறது. கடன் கேட்டவரிடம் 'முடியாது' என்பதற்கும் 'இயலவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் எவரும் அறிவர். செய்தித்தாளும் அதனைக் 'கருத்துக் கூற மறுத்துவிட்டார்' என்றே எழுதும். காரணத்தை முன்வைத்து, 'பங்குச் சந்தைக்குத் தெரிவிக்காத ஒன்றைப் பேட்டியில் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை' என அமைப்பின், பேசுபவரின் விருப்பம் தொடரிலிருந்து நீங்கிவிடுகிறது.

3. இணைதலும் இணைத்தலும்

'இணைப்பு' என்னும் சொல்லுக்குத் தமிழில் வேறு சுமைகள் உண்டு. மின் இணைப்பு, எரிவாயு இணைப்பு, கடிதத்தின் இணைப்பு என்பன அன்றாட வழக்கு. இவை இடர் தருவதில்லை. இடர் தருவது அரசியல் வழக்கு. தமிழ் மாநில காங்கிரஸ் 2002இல் காங்கிரசுடன் இணைந்ததைப் போன்ற நிகழ்வுகளிலேயே தமிழ்ப் படிப்பாளர் இச்சொல்லை மிகுதியும் எதிர்கொண்டுள்ளார். அவ்வழக்கில் 'இணைப்பு' என்றால் சிறியது பெரியதில் சேர்ந்து பெயரிழத்தல் என்பதே பொருள். இரு நிறுவனங்கள் சமநிலையில் ஒன்றாகின்றன என்று கருதிப் பேசும் இயக்குநரின் கருத்தை இச்சொல் தானே மறுத்துவிடுகிறது.

வேற்றுமை உருபும் இதனோடு சேர்கிறது.

(1) மைண்ட்ட்ரீ எல்.டி.ஐ.யுடன் இணைந்தது.
(2) மைண்ட்ட்ரீயும் எல்.டி.ஐ.யும் இணைந்தன.

(1)இல் எல்.டி.ஐ. நிலைத்து நிற்பது, மைண்ட்ட்ரீ அதனை நோக்கி வந்து சேர்வது. (2)இல் அவ்வேறுபாடு இல்லை. திட்டத்தின்படி மைண்ட்ட்ரீ மாற்றித்தரும் நிறுவனம், எல்.டி.ஐ. பெற்றுக்கொள்ளும் நிறுவனம். ஆகவே சட்டநோக்கில் (1) சரியானது. ஆனால் புதிய பெயரில் இரண்டன் பெயரும் இருப்பதால் பேட்டியில் (2) வருவதே இயல்பு. இரண்டனுள் எதனைப் பேட்டி முழுதும் பயன்படுத்துவது என்பதை முன்னரே முடிவு செய்யாவிடின், ஒரே பேட்டியில் இரண்டும் மாறி மாறி வந்து, செய்தியாளர் அதனை முரண்பாடாகக் காட்டிவிடுவார்.

ஆங்கிலத்தில் இப்பொருள் தரும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் ஒரே வடிவில் நிற்கும். தமிழில் இணைகிறது, இணைக்கிறது என வடிவம் வேறுபடும். செய்தவர் யார் என்ற வினாவை வடிவமே எழுப்பும். 1931இல் மங்களூரில் தொடங்கிப் பின்னர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விஜயா வங்கியும் தேனா வங்கியும் பாங்க் ஆஃப் பரோடாவுடன் 2019 ஏப்ரல் 1 முதல் ஒன்றாயின. இதனை 2018 செப்டம்பரில் அறிவித்தது நடுவண் அரசு. 'விஜயா வங்கி இணைந்தது' என்பது வங்கியே விரும்பிச் சென்றதாகக் காட்டும். 'இணைக்கப்பட்டது' என்பது பிறர் செயலைக் காட்டும். கர்நாடகக் கடற்கரைப் பகுதியில் எழுந்த வருத்தத்தை அறிந்தோர்க்கு முதல் வடிவம் உறுத்தும். அதே வங்கியின் இயக்குநர் இரண்டாம் வடிவைப் பயன்படுத்தின், தம் குழுவே இசைந்த முடிவிலிருந்து அவர் விலகி நிற்பதாகத் தோன்றும். 'இணைப்பு நடைபெறுகிறது' எனப் பெயர்ச்சொல்லாக்கி எழுதுவோர் இவ்விக்கலிலிருந்து தப்புகின்றனர். இதனைக் கோழைத்தனம் என்பாரும் உளர். பேட்டிக்கு இது பொருத்தமான வடிவமே.

4. கையகப்படுத்தல்

ஆங்கிலத்தில் நிறுவனத்தை வாங்குதலைக் குறிக்கும் சொல் நடுநிலையானது. அதன்முன் பகைமை அல்லது நட்பு எனும் அடை வந்து அதன் வகையைக் காட்டும். தமிழில் நிலைபெற்றுவிட்ட 'கையகப்படுத்தல்' அவ்வாறன்று. சாலைக்கும் விமான நிலையத்துக்கும் உழவர் நிலத்தை அரசு எடுப்பதற்கே இச்சொல் நெடுங்காலம் வழங்கிவருகிறது. உரியவர் விருப்பத்துக்கு மாறாகப் பெறுதல் என்னும் பொருள் அதன் உள்ளேயே இருக்கிறது. ஆகவே 'பகைமைக் கையகப்படுத்தல்' கூறியது கூறலாகவும், 'நட்புமுறைக் கையகப்படுத்தல்' முரணாகவும் ஒலிக்கின்றன. 2019இல் மைண்ட்ட்ரீ நிறுவனர்கள் பகைமை என்ற அடையை வேண்டுமென்றே பயன்படுத்தினர்; லார்சன் அண்ட் டூப்ரோ தரப்பு அதனைத் தவிர்த்தது. அப்போராட்டம் முழுவதும் ஓர் அடைமொழியைச் சுற்றியே நிகழ்ந்தது எனலாம். இரு தரப்பையும் 'கையகப்படுத்தல்' என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால் வாங்குபவர் பேசாத ஒன்றை அவர் வாயில் வைத்ததாகும். வாங்குபவர் கூற்றில் 'பங்குகளை வாங்குதல்' என்றும், எதிர்ப்போர் கூற்றில் 'கையகப்படுத்தல்' என்றும் வேறுபடுத்துதலே நேர்மை.

இங்கே ஒன்றைக் கூறுதல் பொருந்தும். நிறுவனர்களுள் ஒருவரான சுப்ரதோ பாக்சி ஒடிசா அரசுப் பொறுப்பினின்று விலகி வந்தபோது, மரத்தை வெட்ட வந்தோரிடமிருந்து அதனைக் காக்க வேண்டும் என்னும் உருவகத்தைக் கையாண்டார். நிறுவனத்தின் பெயரில் மரம் இருப்பதால் ஆங்கிலத்தில் அது வலுவுற்றது. தமிழில் பெயர் ஒலிபெயர்ப்பாகவே வருவதால் மரம் மறைந்துபோகிறது. படிப்பவர்க்கு எந்த மரம் என்று விளங்குவதில்லை. பெயரின் பொருளை ஒருமுறை விளக்கிய பின்னரே அவ்வுருவகத்தைத் தருதல் வேண்டும்.

5. நாமும் நாங்களும்

பேட்டிகளில் மிகுதியாக வரும் சொல் தன்மைப் பன்மையே. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வடிவே உண்டு. இக்காலக் கன்னடத்திலும் 'நாவு' என்னும் ஒரு வடிவே வழங்குகிறது. தமிழில் கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்' வேறு; உளப்படுத்தாத 'நாங்கள்' வேறு. தெலுங்கும் 'மனமு', 'மேமு' என இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆகவே பெங்களூரில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பேசும் இயக்குநர் முடிவு செய்யாத ஒன்றைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்யவேண்டியதாகிறது. அவரிடம் கேட்டு அறிய நேரமும் பெரும்பாலும் இருப்பதில்லை.

(3) இனி நாங்கள் இதனைச் சேர்ந்து தீர்மானிப்போம்.
(4) இனி நாம் இதனைச் சேர்ந்து தீர்மானிப்போம்.

செய்தியாளரிடம் கூறும்போது (4) பொருந்தாது. செய்தியாளர் எந்நிறுவனத்தையும் சேர்ந்தவர் அல்லர். (3)இலோ 'நாங்கள்' யார் என்பது தெளிவில்லை. இயக்குநர் சார்ந்த நிறுவனமா, இரண்டுமா? முதற்பொருளில் அது மற்ற நிறுவனத்தாரை விலக்குவதாகும். இரண்டாம் பொருளில் சட்டச் சிக்கல் எழும். 2022 மே 6 முதல் நவம்பர் 14 வரை மைண்ட்ட்ரீயும் எல்.டி.ஐ.யும் தனித்தனியே பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். ஒப்புதலுக்கு முன்னரே ஒன்றுபோல் செயற்படுவதைப் போட்டிச் சட்டம் ஏற்பதில்லை. அவ்விடைக்காலத்தில் இருவரையும் உள்ளடக்கிய 'நாங்கள்' நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டும். 'இரு நிறுவனங்களும்' எனப் படர்க்கையில் கூறுவதே தக்கது.

பணியாளருக்கான கடிதத்தில் நிலைமை தலைகீழாகும். அங்கே 'நாங்கள்' என்பது மேலிடம் தம்மைப் பணியாளரிடமிருந்து பிரித்துக்கொள்வதாகும், 'நாம்' வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே அறிக்கையைச் செய்தியாளருக்கும் பணியாளருக்கும் அனுப்புதல் வழக்கம். தமிழில் அவ்வாறு அனுப்ப இயலாது. இரண்டு பாடங்கள் வேண்டும். இச்செலவை நிறுவனங்கள் ஏற்கத் தயங்குகின்றன. ஒரு சொல்லுக்காக இரண்டு பாடமா என்ற வினா எழுகிறது. அச்சொல்லையே பணியாளர் முதலில் கவனிக்கின்றனர் என்பதே விடை.

செய்தியை அயற்கூற்றாகத் தருகையில் இவ்விக்கல் எளிதில் நீங்குகிறது. 'தாங்கள் இதனை எதிர்ப்பதாக நிறுவனர்கள் கூறினர்' என்பதில் உள்ள 'தாங்கள்' உளப்பாட்டு வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஐயம் நீங்காத இடங்களில் மொழிபெயர்ப்பாளர் நேர்கூற்றை விட்டு இவ்வடிவை மேற்கொள்வது நன்று.

6. எதிர்மறையின் இடம்

பேட்டிக்குப் பயிற்சி தருவோர் உலகெங்கும் கூறும் விதி ஒன்றுண்டு: வினாவில் வரும் தீய சொல்லை விடையில் திருப்பிச் சொல்லாதே. ஆட்குறைப்பு உண்டா என்று கேட்டால் விடையில் ஆட்குறைப்பு வரலாகாது. ஆங்கிலத்தில் இது எளிது. 'ஆம்', 'இல்லை' எனும் தனிச்சொற்களால் விடையிறுக்கலாம். தமிழின் இயல்பு வேறு. 'வேலை போகுமா?' என்பதற்கு 'போகாது' என்பதே இயற்கையான விடை. வினாவின் வினையைத் திருப்பிச் சொல்வதே இம்மொழியில் மறுக்கும் முறை. பயிற்சியாளர் விதியைத் தமிழில் அப்படியே பின்பற்றும் இயக்குநர் வினாவைத் தட்டிக் கழிப்பவராகத் தோன்றுவார்.

மேலும் தமிழில் எதிர்மறை தொடரின் இறுதியில் வருகிறது.

(5) பணியாளர்களைக் குறைக்கும் நோக்கம் எங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இதில் 'ஒருபோதும்' வரும்வரை மறுப்பின் குறிப்பு இல்லை; மறுப்பை உறுதிசெய்வது கடைசிச் சொல்லே. தொலைக்காட்சியில் ஒலி சற்று முன்னதாக வெட்டப்படின் எதிர்ப்பொருள் எஞ்சும். ஆகவே குறுந்தொடர்கள் வேண்டும். அல்லது உடன்பாட்டு வாய்பாடு வேண்டும்:

(6) இரு நிறுவனங்களின் பணியாளர்களும் பணியில் தொடர்வர்.

ஆனால் (6) ஒரு வாக்குறுதி. குழு அவ்வாறு முடிவு செய்து அறிவித்திருந்தாலன்றி இயக்குநர் அதனைக் கூறலாகாது. ஆங்கிலத் தொகுப்பில் இவ்விடத்தில் பெரும்பாலும் இருப்பது 'இப்போதைக்குத் திட்டம் இல்லை' என்பதே. அதனை (6)ஆக மாற்றும் மொழிபெயர்ப்பாளர் நல்லெண்ணத்தால் தவறிழைக்கிறார். ஆறு மாதம் கழித்து வேலையிழப்பவர் நம்பியிருந்தது அவ்வொரு தொடரையே.

தமிழ் நாளிதழ்களின் தலைப்பு மரபு இத்தவற்றை இன்னும் பெரிதாக்குகிறது. நம் தலைப்புகள் பேச்சின் பொருளைச் சொல்வதோடு நில்லாமல், அதன் வகையையும் ஒரு பெயர்ச்சொல்லால் முடிவு செய்கின்றன: உறுதி, மறுப்பு, விளக்கம், தகவல், திட்டவட்டம். 'இப்போதைக்குத் திட்டம் இல்லை' என்ற விடை 'ஆட்குறைப்பு இல்லை: இயக்குநர் உறுதி' என்று வெளிவரும். 'இப்போதைக்கு' தலைப்பில் இடம் பெறாது. பேசியவர் விளக்கினார்; துணையாசிரியர் அதனை உறுதியாக்கினார். இதனைத் தடுக்கும் வழி, காலவரையறையைத் தனித் தொடராக்குவதே: 'முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. எடுக்கும் நாளில் பணியாளருக்கே முதலில் சொல்லப்படும்.' இரண்டாம் தொடரைக் கூறுமுன் அது சட்டத்திற்கு ஒத்துவருமா என்று நிறுவனச் செயலரைக் கேட்டறிதல் வேண்டும்; ஏனெனில் விலையைப் பாதிக்கும் முடிவாயின் சந்தைக்கு முந்தி எவருக்கும் சொல்ல இயலாது. 'சந்தைக்கு அறிவித்தவுடன் பணியாளருக்குச் சொல்லப்படும்' என்பதே அப்போது சரியாகும்.

7. நிபந்தனை

ஒப்புதல்களுக்கு உட்பட்டே இணைப்பு நிகழும் என்னும் செய்தி எல்லா அறிக்கைகளிலும் உண்டு. பங்குதாரர்களும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமும் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி ஏற்கவேண்டும். இதனைத் தமிழில் இருவகையில் கூறலாம்.

(7) ஒப்புதல் கிடைத்தபின் நிறுவனங்கள் இணையும்.
(8) ஒப்புதல் கிடைத்தால் நிறுவனங்கள் இணையும்.

(7) ஒப்புதல் கிடைப்பது உறுதி எனக் கொண்டு காலத்தை மட்டும் கூறுகிறது. தீர்ப்பாயம் முடிவு செய்யுமுன் முடிவை அறிவித்ததாகிறது. (8) சரியானது, ஆயினும் பேச்சில் ஐயத்தொனி தருவதாக இயக்குநர்கள் அதனை விரும்புவதில்லை. 'ஒப்புதல் கோரப்பட்டுள்ளது, அது கிடைக்குமாயின்' எனச் சற்று விரித்தால் தொனி மாறுகிறது.

8. எண்

2022ஆம் ஆண்டு அறிவிப்பின்படி மைண்ட்ட்ரீயின் 100 பங்குகளுக்கு எல்.டி.ஐ.யின் 73 பங்குகள். இதனை வாய்மொழியில் 'நூற்றுக்கு எழுபத்து மூன்று' எனக் கூறின் தமிழ்க் காதில் அது விழுக்காடு. அல்லது தேர்வு மதிப்பெண். நூறு வைத்திருந்தவர் இருபத்தேழு இழந்தார் என்ற எண்ணம் உடனே தோன்றும். எல்.டி.ஐ. பங்கின் சந்தை விலை அப்போது மைண்ட்ட்ரீ பங்கின் விலையைவிட உயர்ந்திருந்தது என்பதை முன்னர்க் கூறாவிடில் விகிதம் அநீதியாகவே ஒலிக்கும். முகமதிப்பைச் சேர்த்துக் கூறுவது குழப்பத்தைக் கூட்டும்: மைண்ட்ட்ரீ பங்கு பத்து ரூபாய், எல்.டி.ஐ. பங்கு ஒரு ரூபாய். அறிக்கையில் இருக்கவேண்டிய இவ்வெண்கள் பேட்டியில் தாமாக முன்வைக்கத்தக்கன அல்ல, கேட்டால் சொல்லலாம்.

விஜயா வங்கியில் 1000 பங்குக்குப் பாங்க் ஆஃப் பரோடாவின் 402 பங்குகள். 2020 ஏப்ரல் 1இல் பெங்களூரின் கனரா வங்கி மணிப்பாலின் சிண்டிகேட் வங்கியை ஏற்றபோது 1000 பங்குக்கு 158. ஆயிரத்தை அடியெண்ணாகக் கொண்டதால் இவை விழுக்காடாக ஒலிக்கவில்லை. ஆனால் 158 என்னும் எண்ணின் சிறுமை வேறு வகையில் உறுத்தும். இயக்குநர் முதலில் விலைகளைக் கூறி, பின் விகிதத்தைக் கூறி, 'பத்தாயிரம் ரூபாய்ப் பங்கு வைத்திருந்தவரிடம் அன்றைய விலையில் எவ்வளவு இருக்கும்' என ரூபாயில் முடிப்பாராயின் கேட்பவர் கணக்கிடவேண்டிய தேவை எழாது. அத்தொகை அன்றைய சந்தை விலைகளைக் கொண்டு பேட்டி நாளன்று காலையில் கணக்கிடப்பட வேண்டும். முதல்நாள் இரவு மொழிபெயர்ப்பாளருக்கு வந்த தாளில் உள்ள தொகை அதற்குள் மாறியிருக்கும்.